ஒன்பது நாள், மூன்று பேர், ஒரு பாத்திரத் துணி: ஸ்வீடனின் லினன் ஊர்களில் கார்ப் பயணம்

ஸ்வீடன் போய் வந்தோம் என்றதும் எல்லோரும் ஸ்டாக்ஹோம், பனி, வடக்கு ஒளி என்றுதான் கேட்கிறார்கள். நாங்கள் அதில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. போன ஜூலையில் நான், மனைவி, அத்தை மூன்று பேரும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஒன்பது நாள், ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர், லினன் நெய்கிற ஊர்களையும் அந்த லினன் பணத்தில் கட்டிய வீடுகளையும் தேடிச் சுற்றினோம். விமானச் சீட்டு போக மூன்று பேருக்கும் சேர்த்து 38,000 குரோனா ஆனது. நம் மொரீசியஸ் ரூபாயில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பக்கம். கொஞ்சமில்லை, தெரியும். அதனால்தான் எது காசுக்குத் தகும், எது தகாது என்று எழுதி வைக்கிறேன்.

சுருக்கம் வேண்டுமா? ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் முழு மதிப்பெண். பயணத்தை ஏற்பாடு செய்த ஏஜென்ட்டுக்குப் பூஜ்யம்.

முதலில் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு இங்கே துணி ஆலைகள் பெருகியது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதை வெறுமனே 'சோன்' என்போம். வாக்வாவில் அப்படி ஓர் ஆலையில் அத்தைக்கு இருபத்தேழு வருஷ வேலை. தையலில் சேர்ந்து கடைசியில் செக்கிங் பகுதிக்குப் பொறுப்பானவர். ஒருமுறை ஆர்டர் பார்க்க வந்த ஒரு ஸ்வீடன்காரர் சூப்பர்வைசர்களுக்கு ஆளுக்கொரு லினன் நாப்கின் கொடுத்துவிட்டுப் போனாராம். அத்தை அதை ஒரு நாள்கூட விரித்ததில்லை. முப்பது வருஷமாக அலமாரியில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே கிடக்கிறது. தைப்பூசக் காவடி சமயத்தில் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் எடுத்துத் தடவிப் பார்ப்பார், "இது எங்க நெய்யறாங்கன்னு போய்ப் பாக்கணும் தம்பி" என்பார், மறுபடி உள்ளே வைத்துவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பேச்சு அதிகமானது. சரி, கூட்டிப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். ஷெங்கன் விசா நமக்குத் தேவையில்லை என்பது பெரிய வசதி. பாரிஸ் போய் அங்கிருந்து ஸ்டாக்ஹோம்.

விமான நிலையத்தில் கார் எடுக்கும் இடத்திலேயே மூன்று மணி நேரம் போனது. ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு இருந்தால்தான் முன்பணத்தைப் பிடித்து வைப்பார்களாம், எங்களிடம் இருந்தது மனைவி பெயரில். இதை முன்கூட்டியே சொல்லாதது ஏஜென்ட்டின் முதல் தவறு. கடைசியில் மனைவி பெயருக்குச் சாவியை மாற்றி, அவளே ஓட்டினாள். அது நல்லதாகவே முடிந்தது, ஏனென்றால் வலது பக்கம் ஓட்ட எனக்குப் பயம். ஸ்வீடன்காரர்களும் 1967 செப்டம்பர் 3ஆம் தேதி வரை நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டினார்கள், அன்று விடிகாலையில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் மாறியது. ஒரு நாட்டுக்கே முடிந்தது உனக்கு முடியாதா என்று அத்தை பின்சீட்டிலிருந்து தைரியம் சொன்னார். முதல் நாலு ரவுண்டபவுட்டிலும் தைரியம் சொன்னவரே கண்ணை மூடிக்கொண்டார். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது அங்கே சட்டம். எல்க் மான் படம் போட்ட மஞ்சள் பலகைகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மாலையில் வேகத்தைக் குறையுங்கள். மற்றபடி சாலைகள் காலியாக இருக்கின்றன. நம் தீவில் அறுபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டினால் கடலில் இறங்க வேண்டியதுதான், அங்கே அறுபத்தைந்து கிலோமீட்டரில் ஒரு காடுகூட முடிவதில்லை.

நாங்கள் போனது ஹெல்சிங்லாந்து என்ற பழைய மாகாணம். ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே, கடலோரச் சாலையில் யெவ்லே தாண்டி மூன்று மணி நேரம். பரப்பில் ஏழு மொரீசியஸ் உள்ளே அடங்கும். அந்த மாகாணத்தின் மலரே ஆளிச் செடியின் நீலப் பூதான். நாம் இப்போது உடம்புக்கு நல்லது என்று பொடித்துக் கஞ்சியில் போடும் ஆளி விதை இருக்கிறதே, அதே செடியின் தண்டு நார்தான் லினன். ஒரு வீட்டு வேலி ஓரத்தில் சின்னப் பாத்தியாகப் பூத்திருந்ததைக் காலையில் பார்த்தோம். திரும்பி வரும் வழியில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மதியம் வந்தால் இதழெல்லாம் உதிர்ந்து பச்சைத் தண்டு மட்டும் நிற்கிறது. ஒரு பூவுக்கு ஒரு காலைதான் ஆயுள். மறுநாள் வேறு பூ வரும், ஆனால் நாங்கள் அந்த ஊரில் இல்லை.

இந்த மாகாணத்தின் பெரிய அதிசயம் பண்ணை வீடுகள். சுமார் ஆயிரம் மர வீடுகள் இன்னும் நிற்கின்றன, அவற்றில் ஏழு வீடுகளை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவை பிரபுக்களின் மாளிகைகள் இல்லை. சொந்த நிலமும் காடும் வைத்திருந்த சாதாரண விவசாயிகள், ஆளி, மரம், மாடு என்று சம்பாதித்து, 19ஆம் நூற்றாண்டில் போட்டி போட்டுக்கொண்டு கட்டியவை. நான் எதிர்பார்க்காத விஷயம் என்னவென்றால், அவர்கள் அதிகமாகச் செலவு செய்தது குடியிருந்த அறைகளுக்கு அல்ல. கல்யாணம், பெரிய விருந்து என்றால் மட்டும் திறக்கிற அறைகள், சில பண்ணைகளில் அதற்கென்றே தனியாக ஒரு முழு வீடு! வருஷத்தில் மீதி நாளெல்லாம் பூட்டுதான்.

அத்தைக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் பாட்டி வீட்டில் முன் சாலோன் ஒன்று உண்டு, பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, கண்ணாடி அலமாரியில் யாரும் குடிக்காத கோப்பைகள், பிள்ளைகள் உள்ளே போனால் அடி. பெண் பார்க்க வந்தால் திறப்பார்கள், சாவு விழுந்தால் திறப்பார்கள். "நம்ம சாலோனுக்கு இவங்க ஒரு வீடே கட்டியிருக்காங்க" என்று அத்தை சத்தமாகச் சொன்னதில் வழிகாட்டிப் பெண் திரும்பிப் பார்த்தாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சுவர்கள்தான் பார்க்க வேண்டியவை. துணியில் தீட்டி ஒட்டியது, மரத்தின் மேலேயே நேராகத் தீட்டியது என்று இரண்டும் உண்டு. நகரத்துப் பணக்காரர் வீட்டுப் பாணியைக் கேள்விப்பட்டு, அதைக் கிராமத்துக் கையால் பூவும் கொடியுமாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து மாகாணமான தாலர்ணாவின் ஓவியர்கள் ஊர் ஊராக நடந்து வந்து, வேலை முடியும்வரை பண்ணையிலேயே தங்கி வரைந்துவிட்டுப் போவார்களாம். வால்ஸ்டாவில் இருக்கும் யெஸ்த்கீவர்ஸ் பண்ணையில் ஜோனஸ் வால்ஸ்ட்ரோம் என்ற ஓவியர் அச்சுத் தகடு வைத்துப் போட்ட பூ வரிசைகள் எனக்கு மிகவும் பிடித்தன. பளிங்கு வாங்கக் காசில்லாத இடத்தில் மரத்தின் மேல் பளிங்கு மாதிரியே வண்ணம் பூசியிருப்பார்கள், அதையும் கவனியுங்கள். நம் கோவில் தூண்களில் பெயின்ட்டால் கல் வரி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது உடனே கண்ணில் படும்.

இனி ஏஜென்ட் கதை. பெயர் வேண்டாம். அவர் அச்சடித்துக் கொடுத்த திட்டத்தில் ஒரே நாளில் நாலு பண்ணை. தூரத்தைக் கணக்குப் பார்த்தால் முடியும்தான். ஆனால் இந்த ஏழில் சில இன்றும் மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள், நினைத்த நேரத்துக்குப் போய்க் கதவைத் தட்ட முடியாது. மற்றவையும் பெரும்பாலும் கோடையில்தான் திறக்கும், அதுவும் குறிப்பிட்ட மணிக்கு வழிகாட்டியோடு மட்டும். எங்களுக்கு முன்பதிவு செய்திருப்பதாகச் சொன்னார். செய்யவில்லை. ஓர் இடத்தில் வாசலில் நின்று வேலிக்கு மேலாக ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம், மழை வேறு. அன்று இரவு திட்டத்தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மனைவி தானே ஒவ்வோர் இடத்தின் நேரத்தையும் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு பண்ணை, ஒரு ஆலை அல்லது அருங்காட்சியகம், அதற்கு மேல் இல்லை என்று மாற்றி எழுதினாள். அதற்குப் பிறகுதான் பயணமே ஆரம்பித்தது என்று சொல்லலாம். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்தில் இன்னும் இரண்டு நாள் தங்கியிருக்கலாம்.

போல்நெஸ் ஊருக்குப் பக்கத்தில் வெக்ஸ்பூ என்று ஒரு சின்னக் கிராமம். இரண்டு விஷயத்துக்காகப் போக வேண்டும். ஒன்று, டிரோல்தாலன் என்ற ஓடைப் பள்ளத்தாக்கில் தண்ணீரில் ஓடும் பழைய மாவு ஆலையும், ஆளி நாரைப் பதப்படுத்தும் ஆலையும். செடியை வெட்டக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் நாரின் நீளம் போய்விடும். காயை உதிர்த்து, பனித்துளியிலோ தண்ணீரிலோ தண்டை ஊறப்போட்டு, காயவைத்து, நொறுக்கி, மரக் கத்தியால் அடித்துச் சக்கையை நீக்கி, ஆணிப் பலகையில் சீவி எடுத்தால் கடைசியில் பொன்னிறத் தலைமுடி போல ஒரு கற்றை வரும். ஒரு கற்றைக்கு இவ்வளவு பாடு. அடிக்கிற வேலையை ஆற்றுத் தண்ணீரிடம் ஒப்படைத்ததுதான் இந்த மாகாணத்துக்காரர்களின் கெட்டிக்காரத்தனம். சக்கரம் சுற்ற, மரப் பலகைகள் நாரை அடித்துக்கொண்டே இருக்கும். இங்கே பழைய ஆட்களுக்குச் சர்க்கரை மூட்டைக்குச் சாக்கு நெய்த கற்றாழை நார் ஞாபகம் இருக்கும். அத்தை கற்றையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் நார் காயப்போட்ட வாசனை என்றார். எனக்கு வைக்கோல் வாசனைதான் வந்தது.

இரண்டாவது, வெக்ஸ்பூ லின் நெசவாலை. கடையும் தறிக்கூடமும் ஒரே இடத்தில் இருப்பதால் நெய்வதைப் பார்த்துவிட்டு வாங்கலாம். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், அத்தை முகத்தில் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்த மாதிரி ஒரு சந்தோஷம். நேராகப் போய் ஒரு துண்டின் கரையைக் கட்டைவிரலால் தடவி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பாவும் ஊடையும் ஒரே அடர்த்தியா என்று பார்த்து, கையில் கசக்கி விட்டார். லினன் சுருங்கும், அதில் ஒளிவு மறைவு இல்லை, சுருங்கவில்லை என்றால் அது வேறு ஏதோ. பருத்தியைப் போலவே நனைந்தால் இன்னும் வலுவாகும். காற்று உலர்ந்திருந்தால் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால் லினன் நெய்கிற இடத்தில் ஈரப்பதம் வேண்டும். வாக்வா மழையில் இந்த ஆலையைப் போட்டிருந்தால் செலவே இல்லாமல் ஓடியிருக்கும் என்று அத்தைக்கு ஒரு வருத்தம். ஒரு குறையும் சொல்கிறேன். சுற்றிலும் ஆளி வரலாறாக இருந்தாலும், ஸ்வீடன் ஆலைகளுக்கு வரும் நூல் பெரும்பாலும் வெளியிலிருந்துதான். உலகின் நல்ல நீள நார் ஆளியில் பெரும்பங்கு இப்போது பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்துக் கடலோரங்களில் விளைகிறது. செடி முதல் துணி வரை ஒரே ஊர் என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள்.

விலை? பாத்திரம் துடைக்கும் சின்னத் துணி 100 குரோனா பக்கம், சமையலறைத் துண்டு அதைப்போல இரண்டரை மடங்கு, மேசை விரிப்பு ஆயிரங்களில். அத்தை மனக்கணக்குப் போட்டு, நம் ஊர் காத்ர் போர்ன் சந்தையில் இந்த விலைக்கு ஒரு குடும்பத்துக்கே துணி எடுக்கலாம் என்றார். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கடையை விட்டு வெளியே வரவில்லை.

போகிற வழியில் இன்னொன்று பார்த்தோம், இதைத் தவறவிடாதீர்கள். இஸ்திரி வருவதற்கு முந்திய கல் மாங்கிள். பெரிய மரப் பெட்டி நிறையக் கற்கள், அதன் அடியில் துணி சுற்றிய உருளைகள், பெட்டியை முன்னும் பின்னும் இழுத்தால் கனத்தில் லினன் கண்ணாடி போல மினுங்கும். இதற்கு முந்திய காலத்தில் கைப்பலகைதான். மாப்பிள்ளை தன் கையால் பூ வேலை செதுக்கி, பெண்ணுக்கு நிச்சயப் பரிசாக அந்தப் பலகையைக் கொடுப்பது வழக்கம். அத்தை அந்தச் செதுக்கு வேலையைக் கொஞ்ச நேரம் ரசித்தார். அப்புறம், "ஆமா, பரிசம்னு சொல்லி வேலைதான் கொடுத்திருக்கான்" என்று நகர்ந்துவிட்டார்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் உருளைக்கிழங்கும் ரொட்டியும் வெண்ணெயும், அவ்வளவுதான். ஊறுகாய் கொண்டு போங்கள். ஆனால் ஹெல்சிங்லாந்துக்காரர்களின் ஓஸ்த்காகா என்ற பால் கட்டிப் பலகாரத்தைக் கேட்டு வாங்குங்கள். பாலை உறையவைத்து அவனில் சுட்டது, கடித்தால் பல்லில் கீச்சிடும், மேலே பழ ஜாம். பாட்டி சீம்பாலில் செய்யும் கட்டியை நினைத்துக்கொண்டு மூன்று பேரும் இரண்டாவது தட்டு கேட்டோம். நாங்கள் போன இடங்களில் பணத்தாள் யாரும் வாங்கவில்லை. அத்தை மாற்றிக்கொண்டு வந்த நோட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. சாலையோரம் ஆளில்லாத ஸ்ட்ராபெரி மேசையில்கூட உள்ளூர்க்காரர்கள் போனில்தான் பணம் அனுப்புகிறார்கள், அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும். எங்களுக்கு ஸ்ட்ராபெரி இல்லை.

யெர்வ்சோவில் இரண்டு இரவு தங்கினோம். ஆற்றின் நடுவே தீவில் பெரிய வெள்ளைத் தேவாலயம், இரவு பத்து மணிக்கும் அதன் மேல் வெயில். அங்கிருந்து மேற்கே காட்டுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டினால் ஃபோகெல்ஷோ. ஏழு பண்ணைகளில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். 17ஆம் நூற்றாண்டில் பின்லாந்திலிருந்து வந்து காட்டை எரித்துப் பயிர் செய்தவர்கள் குடியேறிய இடம். 1910இல் அந்தக் குடும்பம் பக்கத்தில் புது வீடு கட்டிக் குடிபோனபோது பழைய வீட்டைச் சாமானோடு அப்படியே விட்டுவிட்டார்கள். படுக்கை, கருவிகள், துணிமணி, எல்லாம் வைத்த இடத்தில். மற்ற பண்ணைகளில் விருந்து அறையின் பகட்டைப் பார்த்து வாய் பிளந்தோம், இங்கே தேய்ந்த கரண்டியைப் பார்த்து நின்றோம். அத்தை வழக்கத்துக்கு மாறாக எதையும் தொடவில்லை.

தாலர்ணாவை வேகமாகக் கடந்தோம். ஃபாலுன் செம்புச் சுரங்கம் 1992இல் மூடிவிட்டது, உள்ளே இறங்கிப் பார்க்கலாம். ஸ்வீடன் முழுக்க வீடுகளுக்கு அடிக்கும் அந்தச் சிவப்பு வண்ணம் இந்தச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து வந்ததுதான். நூஸ்னெஸில் சிவப்பு மரக் குதிரை செய்வதைப் பார்த்து ஒன்று வாங்கினோம், கூட்டம் அதிகம், அரை மணி நேரம் போதும்.

கடைசி நிறுத்தம் வெர்ம்லாந்து மாகாணத்தில் கிளெஸ்போல் லினன் ஆலை. 1920இலிருந்து ஒரு குடும்பம் நடத்தி வந்த இடம். 1991 முதல் நோபல் விருந்தின் மேசை விரிப்பும் நாப்கினும் இங்கே நெய்ததுதான். வழியைச் சேர்த்தால் ஒரு நாள் முழுவதும் காரிலேயே போகிறது. லினன் பைத்தியம் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம், குறை ஒன்றும் வந்துவிடாது. எங்களிடம் பைத்தியம் இருந்தது. இங்கே நெசவில் பூவேலை அதிகம், வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் உருவம் தெரியும், வெள்ளையில் வெள்ளை. வெக்ஸ்பூவில் தினப்படிக்கு, கிளெஸ்போலில் விசேஷத்துக்கு என்று நான் பிரித்துக்கொண்டேன். அத்தை இரண்டாம் தரக் கூடையைக் கிளறி, ஒரு நாப்கினில் விட்டுப்போன ஒரு நூலைக் கண்டுபிடித்து, விற்பனைப் பெண்ணிடம் காட்டினார். அதற்குத்தான் அது அந்தக் கூடையில் இருக்கிறது என்று அவள் சொன்னாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள், ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

வாங்கியவை எட்டு மாதத்துக்குப் பிறகு எப்படி இருக்கின்றன என்று சொல்ல வேண்டும் அல்லவா. பாத்திரத் துணி இரண்டு வாங்கினோம். முதல் வாரம் ஏமாற்றம்: தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிட்டது, விறைப்பு வேறு. நாலைந்து தடவை துவைத்த பிறகுதான் மிருதுவாகி வேலைக்கு வந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு முறை மெஷினில் போகிறது, மழைக்காலத்தில்கூடச் சீக்கிரம் காய்கிறது, பருத்தித் துணிக்கு வரும் அந்த நாற்றம் இல்லை. ஒரு ஓரத்தில் மஞ்சள் கறை, அது நம் சமையலின் குற்றம். சமையலறைத் துண்டும் நன்றாகவே இருக்கிறது, முதல் துவைப்பில் நீளத்தில் கொஞ்சம் சுருங்கியது. விலை அதிகம்தான், ஆனால் மறுபடி வாங்குவேன்.

அத்தை தனக்கென்று வாங்கியது மேசை விரிப்பு. ஒரு மாதப் பென்ஷனை நெருங்கிய விலை. வந்ததும் காகிதம் பிரிக்காமல் அலமாரியில், அந்தப் பழைய நாப்கினுக்கு மேலே வைத்தாயிற்று. இந்த வருஷக் காவடிக்குச் சொந்தக்காரர்கள் இருபது பேர் சாப்பிட வந்தார்கள். இப்பவாவது விரிக்கலாமே என்று மனைவி கேட்டாள். சாம்பார் சிந்திவிடுமாம். பிளாஸ்டிக் விரிப்பின் மேல்தான் சாப்பிட்டோம், கடைசியில் அந்தப் பிளாஸ்டிக்கைத் துடைத்தது வெக்ஸ்பூ துணி.